கட்டணம் கட்டுபவரும் நாற்காலியில் உட்காருபவரும்

திருச்சி தில்லைநகரில் கிளினிக்குகளுக்குப் பஞ்சமில்லை. எலும்பு, பல், கண், குழந்தைகள் என்று ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் போர்டுகள்தான். மனநலப் பிரச்சினைகளுக்குப் பேச்சு வழியில் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் நான். சொந்தமாகத் தொழில் தொடங்க அங்கே ஒரு பல் கிளினிக்கின் மாடியில் அறை எடுத்தேன். கீழ்த்தளத்திலேயே இடம் கிடைக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு மாடிதான் வேண்டியிருந்தது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் "பல்லு வலி" என்று சொல்லிக்கொண்டு படியேறலாம் என்பது, என்னிடம் வருகிறவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தாலே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த தனிப் பயிற்சியை முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். எங்கள் காலத்தில் அது இரண்டு ஆண்டு எம்.ஃபில். பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம் போன்ற இடங்களில் சீட் கிடைப்பது குதிரைக்கொம்பு. பெயரளவில்தான் அது படிப்பு. முக்கால்வாசி நேரமும் வார்டில்தான் இருப்போம்.

அந்த வார்டில்தான் கேஸ் ஹிஸ்டரி எழுதக் கற்றுக்கொண்டேன். முதல் பக்கத்திலேயே ஒரு வரி வரும்: தகவல் சொன்னவர் யார், அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? மனச்சிதைவில் இருப்பவரால் தன் நோயைப் பற்றி முழுதாகச் சொல்ல முடியாமல் போகலாம். அதனால் அம்மா, அண்ணன், மனைவி என்று கூட வந்தவரிடம்தான் பாதிக் கதையைக் கேட்போம். எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, தனக்குத்தானே பேசுகிறாரா? அந்த வேலைக்கு அது சரியான முறைதான். இன்றும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் சில ஆண்டுகள் மருத்துவமனை வேலை. மனநல மருத்துவர் அனுப்புகிறவர்களுக்கு ஐ.க்யூ. சோதனை, குடிநோய் வார்டில் குழு உரையாடல், இடையிடையே கொஞ்சம் தெரபி. அங்கே எனக்குச் சம்பளம் கொடுத்தது மருத்துவமனை. நான் யாருக்காக வேலை செய்கிறேன் என்ற கேள்வி எழவே இல்லை.

சொந்தமாகத் தொடங்கியதும் முதலில் முளைத்தது அந்தக் கேள்விதான். நம் ஊரில் மனநலத்துக்காக யாரும் தனியாக வருவது குறைவு. அழைத்து வருபவர் ஒருவர், பணம் கட்டுபவர் ஒருவர், நாற்காலியில் உட்காருபவர் இன்னொருவர். மூன்று பேருக்கும் மூன்று எதிர்பார்ப்பு இருக்கும். இதில் நான் யாருடைய ஆள் என்பதை முதல் அரை மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் தெரிய வைக்காவிட்டால், பிறகு எந்தத் தெரபியும் நடக்காது.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அடையாளங்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். பொறியியல் படிக்கும் பையன், அவனுடைய அப்பா, அம்மா. நான் பையனைப் பார்த்துக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அப்பாதான் பதில் சொன்னார். "ஒரு நாளைக்கு ஒரு சோப்பு மேடம். குளிக்கப் போனா ரெண்டு மணி நேரம். கொஞ்சம் புத்தி சொல்லுங்க." பையன் கைகளைத் தொடையில் படாமல் தூக்கியே வைத்திருந்தான். விரல் கணுக்களில் தோல் வெடித்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. நான் அவனிடம், "தம்பி, நீங்க சொல்லுங்க. அப்பா அம்மா கொஞ்ச நேரம் வெளியில இருக்கட்டுமா?" என்றேன். 'நீங்க' என்றதும் அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பையன் அப்போதுதான் நிமிர்ந்தான்.

எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் எழுதுகிறோம். எல்லோரும் சொல்வது ஓ.சி.டி. அதற்குப் புத்தி சொல்லிப் பயனில்லை. கை சுத்தமாகத்தான் இருக்கிறது என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் விட முடியாததுதான் நோய். சிகிச்சையில் அவனே ஒரு பட்டியல் போடுகிறான். எதைத் தொட்டால் எவ்வளவு பதற்றம் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் போடுகிறான். முதலில் முப்பது, நாற்பதில் இருக்கும் ஒன்றை எடுப்போம். என் அறைக் கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டு, கை கழுவாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பதற்றம் ஏறும். உடம்பு வியர்க்கும். நான் பக்கத்திலேயே இருந்து அவ்வப்போது "இப்ப எவ்வளவு?" என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் கழுவாமலே அது மெல்ல இறங்கத் தொடங்கும். கழுவினால்தான் இறங்கும் என்று நம்பிக்கொண்டிருந்த மூளை, வேறு வழி இருப்பதை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை இது. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த நேரமும் இதுதான்.

ஆனால் குடும்பத்தை வெளியிலேயே உட்கார வைத்திருந்தாலும் இந்த வேலை முடியாது. அந்த அம்மா பாசத்தில் அவனுக்காகத் தட்டைத் தனியாகக் கழுவுகிறார், "கை சுத்தமா இருக்காம்மா?" என்று கேட்கும்போதெல்லாம் "இருக்குடா" என்று சொல்கிறார். அந்தப் பதிலும் நோய்க்குத் தீனிதான். அதனால் அவனிடம் அனுமதி கேட்டு, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு, பிறகுதான் அம்மாவை உள்ளே கூப்பிட்டேன். வார்டில் கற்றதை இங்கே தலைகீழாகச் செய்ய வேண்டியிருக்கிறது. முதலில் அவன், அவன் வழியாகக் குடும்பம்.

"இன்னைக்கு என்ன சொன்னான் மேடம்?" என்று மாலையில் போன் வரும். பணம் கட்டுகிறவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு என்று அவர் நினைப்பது இயல்பு. அதனால் முதல் நாளே எல்லோரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன்: உள்ளே பேசுவது உள்ளேயே இருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் நானே கூப்பிட்டுச் சொல்வேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் ரகசியத்தை நோயாளியின் உரிமையாகத்தான் வைத்திருக்கிறது. சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் பல அப்பாக்கள் சமாதானமாகிவிடுகிறார்கள்.

கட்டணத்தை போனிலேயே சொல்லிவிடுவேன். வந்து உட்கார்ந்து மனதைத் திறந்தபிறகு பணப் பேச்சு எடுப்பது முறையல்ல. கட்ட முடியாதவர்களுக்கென்று சில நேரங்களை ஒதுக்கியிருக்கிறேன். அதுவும் போதாதபோது அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அங்கே மாத்திரை இலவசம்.

நான் மாத்திரை எழுதும் டாக்டர் இல்லை என்பதையும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். சோர்வு, எடை கூடுதல், எதிலும் பிடிப்பில்லை என்று வருகிறவரை முதலில் தைராய்டு பார்த்துவிட்டு வரச் சொல்வதுண்டு. தூங்காமல் நான்கு நாளாகப் புதுத் திட்டங்கள் பேசிக்கொண்டிருப்பவருக்கு அன்றே மனநல மருத்துவர் தேவை. தனியாகத் தொழில் தொடங்க ஆசைப்படும் இளையவர்களிடம், சில ஆண்டுகள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தீவிரமான நோயை வார்டில் கண்ணால் பார்க்காதவருக்கு, அது நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு வரும்போது அடையாளம் தெரியாது.

மனநோய் தீரும் என்று நம்பி, குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கிவிட்டு வருகிற குடும்பங்களும் உண்டு. போகாதீர்கள் என்று நான் சொன்னதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். 2001-இல் ஏர்வாடியில் தர்காவை நம்பி அழைத்து வரப்பட்டு, காப்பகத்தில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததை, இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் மறக்கக்கூடாது.

ஐ.க்யூ. அறிக்கையில் நம்பரைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ கேட்பவர்களும் வருவார்கள், சலுகைக்காக ஒருவர், பள்ளி சேர்க்கைக்காக ஒருவர். முடியாது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. அந்தக் காகிதம் பிள்ளையின் பெயரில் இருக்கிறது. வளர்ந்த பிறகும் அது அவனுடன் வரும்.

நான் எல்லா நேரமும் போனை எடுக்க முடியாது என்பதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன். நள்ளிரவில் தாங்க முடியவில்லை என்றால் கூப்பிட டெலிமானஸ் 14416 இருக்கிறது. 2022 முதல் இயங்கும் அரசின் மனநலத் தொலைபேசி சேவை, தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை இரண்டு சீட்டுகளில் எழுதுகிறேன். ஒன்றை அழைத்து வந்தவரிடம் கொடுக்கிறேன். மற்றொன்றை, அவர் வெளியே போனபிறகு, நாற்காலியில் இருப்பவரிடம்.