உப்புக் கரைசலில் எட்டு மாதம்

என் சித்தப்பா 2025 ஜனவரியில், பொங்கல் முடிந்த நான்காம் நாள், பண்ருட்டிக்கு அருகிலுள்ள தம் முந்திரித் தோப்பில் இறந்து கிடந்தார். வயது 52. பூவெடுக்கும் பருவம் என்பதால் அன்று காலை கொசு நாவாய்ப்பூச்சிக்கு மருந்து அடித்திருந்தார். கைத்தெளிப்பான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மருந்து பாட்டிலில் பாதி இல்லை. அந்தப் பாதிப் பாட்டிலை வைத்துக்கொண்டு ஊர் மூன்று கதைகள் பேசியது: குடித்துவிட்டார், பாம்பு தீண்டியது, நெஞ்சு அடைத்தது. எது உண்மை என்று எழுத்தில் அறிய எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது.

காவல் நிலையத்தில் சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவு செய்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 194-ஆம் பிரிவு. ஆனாலும் நிலையத்தில் எல்லோரும் பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து "ஒன் செவன்டி ஃபோர்" என்றுதான் சொன்னார்கள். அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை முடிந்து மறுநாளே உடலைப் பெற்றுக்கொண்டோம். சான்றிதழில் மட்டும், இறப்பின் காரணம் குறித்த கருத்து இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை வரும்வரை நிறுத்திவைக்கப்படுவதாக ஒரு வரி இருந்தது. அந்த வரியின் கனம் அன்று எனக்குப் புரியவில்லை.

மருத்துவர் எடுத்து வைத்தவை: இரைப்பையும் அதிலிருந்த உணவும், சிறுகுடலின் ஒரு பகுதி, கல்லீரலில் ஒரு துண்டு, இரண்டு சிறுநீரகங்களிலும் பாதிப் பாதி, கொஞ்சம் இரத்தம். உறுப்புகளைப் பூரித உப்புக் கரைசலில், அதாவது சாதாரணச் சமையல் உப்பை இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த நீரில், போட்டு மூடி முத்திரையிடுகிறார்கள். இரத்தத்தில் சோடியம் புளூரைடு சேர்க்கிறார்கள். அதைச் சேர்க்காவிட்டால் நுண்ணுயிர்கள் இரத்தச் சர்க்கரையை நொதிக்கவைத்து, குடிக்காதவர் இரத்தத்திலும் சாராயத்தை உண்டாக்கிவிடக்கூடும். உப்புக் கரைசலில் ஒரு சிறு அளவும் வெறுமையாகத் தனிப் பாட்டிலில் போகிறது; நஞ்சு அகப்பட்டால், அது கரைசலிலிருந்து வந்ததல்ல என்று காட்டுவதற்காக. இதயத்தை ஃபார்மலினில் இட்டு நோய்க்குறியியல் துறைக்குத் தனியாக அனுப்பினார்கள். இந்த இரண்டாவது வழி இருப்பதே எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

தாமதம் ஆய்வகத்தில்தான் என்று நானும் மற்றவர்களைப் போலவே எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் எங்கள் ஜாடிகள் முதல் ஏழு வாரம் ஆய்வகத்தின் வாசலையே தாண்டவில்லை. விசாரணை அதிகாரியின் கோரிக்கைக் கடிதம், நீதித்துறை நடுவர் மன்றத்தின் அனுப்புக் கடிதம், முத்திரையின் மாதிரி, எடுத்துச் செல்ல ஒரு காவலர் ஆகிய நான்கும் ஒரே நாளில் கூடிவர வேண்டும். முதல் முறை எடுத்துச் சென்றபோது கடிதத்திலிருந்த பிரேதப் பரிசோதனை எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்ததால் பெற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோபம் வந்தது; ஆனால் எண் பொருந்தாத ஜாடியைப் பெற்றுக்கொள்ளும் ஆய்வகத்தின் அறிக்கை எங்களுக்கு எந்தச் சபையிலும் உதவியிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு முறை புதுச்சேரியில் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நேராக ஆய்வகத்துக்கே போய் நின்றேன். அது வீண் பயணம். அறிக்கை கேட்டு அனுப்பியவருக்குத்தான் பதில் போகும், குடும்பத்தாருக்கு எதுவும் சொல்ல இயலாது என்று மரியாதையாகவே சொன்னார்கள். அதன்பிறகு குற்ற எண், பிரேதப் பரிசோதனை எண், ஆய்வகம் ஜாடிகளுக்குக் கொடுத்த எண் மூன்றையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நிலைய எழுத்தரை மட்டும் கேட்டு வந்தேன்.

ஆய்வகத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் விளக்கினார். "என்ன நஞ்சு என்று தெரிந்தால் தேடுவது எளிது தம்பி. நஞ்சு இருக்கிறதா என்று கேட்டால், ஒவ்வொன்றாக இல்லை என்று சொல்லிக்கொண்டு வரவேண்டும்" என்றார். எல்லா நஞ்சையும் ஒரே ஓட்டத்தில் காட்டும் கருவி கிடையாது. மெத்தனால் போன்ற ஆவியாகும் பொருள்களுக்கு ஒரு வழி, ஆர்செனிக் போன்ற உலோகங்களுக்கு வேறு வழி, பூச்சிமருந்துகளுக்கு ஒன்று, தூக்க மாத்திரைகளுக்கும் தாவர நஞ்சுகளுக்கும் இன்னொன்று. நம் பக்கத்தில் அரளியும் ஒடுவந்தழையும் உண்டு என்பதால் கடைசி வகையையும் விட்டுவிட முடியாது. திசுவை அரைத்து, புரதத்தையும் கொழுப்பையும் நீக்கி, ஒரு முறை அமிலத்திலும் ஒரு முறை காரத்திலும் கரைப்பானுடன் குலுக்கிப் பிரித்து, அதை உலர்த்தி எடுத்த பிறகே சோதனை தொடங்கும். பெல்ஜிய வேதியியலாளர் ஸ்டாஸ் 1850-இல் ஒரு கொலை வழக்கில் நிக்கோட்டினைப் பிரித்தெடுக்கக் கண்ட முறையின் வழித்தோன்றல்தான் இது. கலவையிலுள்ள பொருள்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தகட்டில் ஒரு புள்ளி தெரிந்தாலும் அது ஐயம் மட்டுமே. வேறு தத்துவத்தில் இயங்கும் கருவி ஒன்று, பெரும்பாலும் வாயு நிறப்பிரிகையோடு இணைந்த நிறை நிறமாலைமானி, அதை உறுதிசெய்ய வேண்டும். இந்த வேலைகளுக்குத் தேவை சில நாட்களே. மீதி மாதங்கள் வரிசையில் கழிகின்றன.

பாம்புக் கதைக்கு இந்த அறிக்கை விடை சொல்லாது என்பதையும் அவரிடம்தான் அறிந்தேன். வழக்கமான இரசாயனச் சோதனையில் பாம்பு விஷம் தென்படாது. கடிவாயைத் தேடுவது பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவரின் வேலை. எங்கள் மருத்துவர் தேடியிருந்தார், கடிவாய் இல்லை என்று எழுதியுமிருந்தார்.

இதற்கிடையில் வங்கி. சித்தப்பாவின் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் 436 ரூபாயும் 20 ரூபாயும் இரண்டு காப்பீடுகளுக்குப் பிடித்திருந்தார்கள். முதலாவது ஜீவன் ஜோதி, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். இறப்புச் சான்றிதழில் காரணம் அச்சிடப்படுவதில்லை என்பதால் அது சிக்கலின்றி வந்தது. இரண்டாவது சுரக்ஷா பீமா, விபத்துக்கு மட்டும் 2 லட்சம். மருந்து தெளிக்கும்போது உடலில் ஏறி இறந்திருந்தால் விபத்து. தாமே குடித்திருந்தால் கிடையாது. மாரடைப்பு என்றாலும் கிடையாது. படிவத்தை 30 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால் காரணம் தெரியாமலேயே கொடுத்து வைத்தோம்.

செப்டம்பரில் அறிக்கை வந்தது: எந்த உறுப்பிலும் இரத்தத்திலும் நஞ்சு கண்டறியப்படவில்லை. அதுவே முடிவு என்று நினைத்து மருத்துவரிடம் போனேன். அவர் அவசரப்படவில்லை. சில பூச்சிமருந்துகள் உடலுக்குள்ளும் ஜாடிக்குள்ளும் சிதைந்துபோகும், ஆகவே "இல்லை" என்பதை மட்டும் வைத்துக் கருத்துச் சொல்லமாட்டேன் என்று கூறி, இரைப்பையில் மருந்து வாடை இல்லை என்று அன்றே தாம் எழுதிய குறிப்பையும் இதயத்தின் அறிக்கையையும் எடுத்து அருகருகே வைத்தார். இதயத் தமனிகளில் இரண்டு பெரும்பாலும் அடைத்திருந்தன. அந்த அறிக்கை மே மாதத்திலேயே வந்து கோப்பில் காத்திருந்தது. நான் கேட்டிருந்தால், எழுத்தில் இல்லாவிட்டாலும் வாய்ச்சொல்லாகவாவது நான்கு மாதம் முன்பே ஏதோ தெரிந்திருக்கும்.

இறுதிக் கருத்து இதய நோயால் ஏற்பட்ட இயற்கை மரணம் என்று எழுதப்பட்டது, வழக்கும் முடிக்கப்பட்டது. விபத்துக் காப்பீட்டு விண்ணப்பம் எதிர்பார்த்தபடியே நிராகரிக்கப்பட்டுத் திரும்பியது. சித்தி அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. இறுதிக் கருத்தை மட்டும் மூன்று நகல் எடுத்துத் தரச் சொன்னார். ஒன்று பீரோவுக்குள் போயிற்று, ஒன்று மகன் கைக்குப் போயிற்று. மூன்றாவதை, மருந்து குடித்த கதையை முதலில் கிளப்பிய பங்காளி வீட்டுக்கு அவரே எடுத்துச் சென்று கொடுத்துவிட்டு வந்தார்.