அக்காவின் எடைக்கு வைத்தியம்

எங்கள் அக்காவின் உயரம் 152 சென்டிமீற்றர். சித்திரையில் ஹட்டனில் நிறுத்துப் பார்த்தபோது எடை 108 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைச் சுட்டெண் (BMI) 46ஐத் தாண்டியிருந்தது. 40க்கு மேல் போனாலே கடுமையான பருமன் என்கிறார்கள். சீனி வருத்தம், முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை எல்லாம் கூடவே. மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாமல் வேலையை விட்டுவிட்டார்.

நாங்கள் இருக்கும் தோட்டத்து லயன் வீடுகளில் எல்லாருக்கும் ஒரே பேச்சு: "வாயைக் கட்டு." இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. எடை குறையக் குறைய உடம்பு பசியைத் தூண்டும் ஹோர்மோனைக் கூட்டுகிறது, செலவழிக்கும் சக்தியையும் சுருக்குகிறது. இதை ஒரு மனுஷி மன உறுதியால் மட்டும் எத்தனை வருஷம் எதிர்த்து நிற்பாள்?

எடை குறைக்கச் சத்திரசிகிச்சை உண்டு, ஆனால் அக்காவுக்கு அது என்றால் பயம், வேண்டாம் என்கிறார். சரி. கிளினிக் வைத்தியர் திட்டவில்லை. "எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சீனியும் பிரஷரும் இறங்கும், முதலில் அதைப் பார்ப்போம்" என்றார். முதலில் தேத்தண்ணீரில் கை வைத்தோம். நாளைக்கு ஆறு கோப்பை, கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி. கரண்டிக்கு 4 கிராம் என்றாலும் 72 கிராம், கிட்டத்தட்ட 290 கலோரி! அப்புறம் கோதுமை மா ரொட்டி. இரவில் மூன்றுக்குப் பதில் ஒன்று, கூடவே தட்டு நிறையக் கீரையும் பருப்பும். அக்காவுக்கு மட்டுமில்லை, வீட்டில் எல்லாருக்கும் அதே சாப்பாடுதான். தனியாக ஒருத்திக்குப் பத்தியம் போட்டால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

இரைப்பைக்குள் பலூன் வைக்கும் முறையும் உண்டு. அதைப் பெரும்பாலும் ஆறு மாதத்தில் எடுத்துவிட வேண்டும். என் மனசு நிற்பது எடை குறைக்கும் செமாகுளுடைட் ஊசியில்தான். கிழமைக்கு ஒரு தடவை, 0.25 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல 2.4 வரை கூட்டுவார்கள். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஹோர்மோனைப் போலவே வேலை செய்து, வயிறு நிறைந்ததாக மூளைக்குச் சொல்கிறது. குமட்டலும் வரும். 2021இல் வெளியான பெரிய ஆய்வில் 68 கிழமைகளில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. நிறுத்தி ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. "அப்போ எதுக்கு?" என்கிறார் சித்தப்பா. அவர் பிரஷர் குளிசையை நிறுத்தினாலும் பிரஷர் ஏறத்தானே செய்யும்?

அந்த ஊசியை மாதாமாதம் வாங்க எங்கள் வருமானம் காணாது. வசதி இருப்பவருக்கு மட்டும் கிடைப்பது அநியாயம்.

இப்போது அக்கா 101 கிலோ. சீனி வருத்தத்துக்கு மெட்போமின் குளிசை போகிறது. அடுத்த கிளினிக்கில் அந்தக் குறட்டைக்குத் தூக்கப் பரிசோதனை கேட்கப் போகிறோம்.