அம்மாவைத் துபாய்க்கு அழைத்துப் போனேன்

தங்கையின் மகளுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. தங்கையும் மாப்பிள்ளையும் துபாயில் கராமா பகுதியில் இருக்கிறார்கள். அம்மாவுக்கு 67 வயது. கும்பகோணத்தை விட்டுத் திருப்பதிக்கு மேல் போனதில்லை. பேத்தியைப் போன் திரையில் மட்டுமே பார்த்திருந்தார். வயலையும் மாட்டையும் விட்டு வர முடியாது என்று அப்பா வீட்டிலேயே இருந்துகொண்டார். 2025 ஜனவரியில் நான்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் 25 நாள் இருந்துவிட்டு வந்தேன். துபாய் போய் இறங்கிய பிறகு பெரிதாக எந்தக் கஷ்டமும் இல்லை. அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள்தான் படுத்தி எடுத்தன. பெற்றோரை அழைத்துப்போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் சிக்கல் அம்மாவின் பெயர். நம் ஊரில் வயதானவர்கள் பலருடைய பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல அம்மாவுக்கும் ஒற்றைப் பெயர்தான். சர்நேம் கட்டம் காலி. விசா எடுக்கப் போன இடத்தில் ஏஜென்ட் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்ததுமே மூடி என்னிடம் நீட்டிவிட்டார். "சிங்கிள் நேம் சார், அமீரகத்துல விடமாட்டாங்க. பாஸ்போர்ட்டை மாத்திட்டு வாங்க." எனக்குப் பகீர் என்றது. பாஸ்போர்ட்டை மாற்றி வாங்குவதற்குள் பிறந்தநாள் போய்விடும்.

அவர் சொன்னது பாதி உண்மை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டில் ஒரே சொல்லாகப் பெயர் இருந்தால் சுற்றுலா விசாவில் நுழைய முடியாது என்பதுதான் அது. ஆனால் அடுத்த சில நாளிலேயே ஒரு விளக்கமும் வந்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ அச்சாகியிருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்றார்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டில் கடைசிப் பக்கத்தில் தாத்தாவின் பெயர் தெளிவாகவே இருந்தது. வேறொரு ஏஜென்டிடம் போய் அந்தப் பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து கொடுத்தேன். வந்த விசாவில் அம்மா பெயரோடு தாத்தா பெயரும் சேர்ந்தே அச்சாகியிருந்தது. டிக்கெட் போடும்போதும் அதே மாதிரி போடச் சொன்னேன். விசாவில் ஒரு மாதிரியும் டிக்கெட்டில் வேறு மாதிரியும் இருந்தால் விமான நிலைய கவுண்டரில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வயதானவர்களுக்கு அந்தப் பதற்றமே ஆகாது.

இப்போது விசாவுக்குத் திரும்பும் டிக்கெட்டும் தங்கும் இடத்துக்கான சான்றும் கேட்கிறார்கள். ஓட்டல் என்றால் முன்பதிவுச் சீட்டு. நாங்கள் மாப்பிள்ளையின் எமிரேட்ஸ் ஐடி என்ற அடையாள அட்டை நகலையும் இஜாரி எனப்படும் வாடகை ஒப்பந்தப் பதிவையும் கொடுத்தோம். விசா 30 நாளுக்கும் கிடைக்கும், 60 நாளுக்கும் கிடைக்கும். தேதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். அப்போது ஒரு திர்ஹாம் ஏறத்தாழ 23 ரூபாய், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முன்பு பத்து நாள் சலுகை இருந்ததாகச் சொல்லிச் சிலர் இன்னும் தைரியம் கொடுப்பார்கள். அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது மாத்திரை. இதில்தான் நம் ஆட்கள் தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள் என்று பயப்படுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, அதோடு உள்ளங்கால் எரிச்சலும். அதற்கு நம் டாக்டர்கள் சர்வ சாதாரணமாக எழுதித் தரும் மாத்திரையில் ப்ரீகாபலின் என்ற மருந்து இருக்கிறது. அமீரகத்தில் அது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் அப்படித்தான். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. அட்டையின் முன்பக்கம் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைத்தான் பார்க்க வேண்டும். அம்மாவின் மாத்திரை டப்பாவில் ஆறு வகை இருந்தது. ஒவ்வோர் அட்டையையும் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்து எழுதி எடுத்தேன்.

நாங்கள் போனபோது அமீரகச் சுகாதார அமைச்சகத்தின் இணையதளத்தில் சொந்த உபயோகத்துக்கு மருந்து கொண்டுவர அனுமதி கேட்க முடிந்தது. கட்டணம் இல்லை. பாஸ்போர்ட் நகல், மருந்துச் சீட்டு, டாக்டரின் அறிக்கை ஆகியவற்றை ஏற்ற வேண்டியிருந்தது. நான் முதலில் ஏற்றிய சீட்டு திரும்பி வந்துவிட்டது, கையெழுத்து புரியவில்லையாம். மறுபடியும் டாக்டரிடம் போய், மருந்தின் பெயர், அளவு, ஒரு நாளைக்கு எத்தனை, மொத்தம் எத்தனை நாளுக்கு என்று லெட்டர்ஹெட்டில் டைப் செய்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கினேன். அதை ஏற்றிய சில நாளில் அனுமதி வந்தது. தங்கப்போகும் நாளுக்கு வேண்டியதை மட்டும், அட்டையைப் பிரிக்காமல் கைப்பையில் வைத்தேன். துபாயில் இறங்கியதும் சுங்கத்தில் அந்தப் பையைத் திறக்கச் சொன்னார்கள். அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி அனுமதித் தாளைப் படித்தார், அட்டையை எடுத்துப் பெயரை ஒப்பிட்டார், இரண்டையும் பைக்குள் வைத்து அவரே ஜிப்பையும் இழுத்து மூடிக் கொடுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தத் தாள் இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டி கட்டும்போதுதான் வீட்டில் வாக்குவாதம் வந்தது. அம்மா மகளுக்காகக் குருமாப் பொடி அரைத்திருந்தார். அதில் கசகசா. அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், அபின் செடியின் விதை என்பதால். நமக்கு அது சமையல் சாமான், அவர்களுக்குப் போதைப்பொருள் சட்டத்தில் வரும் சாமான். ஒரு சிட்டிகை என்றாலும் வேண்டாம். கடையில் வாங்கும் மசாலாப் பாக்கெட்டுகளிலும் சேர்மானத்தைப் படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அம்மா முழு டப்பாவையும் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு, கசகசா இல்லாமல் மறுபடி அரைத்தார்.

வெற்றிலை விஷயம்தான் அவருக்கு மனசே வரவில்லை. சாப்பிட்டதும் வெற்றிலை போடுவது அவருக்கு ஐம்பது வருடப் பழக்கம். பேத்தியின் பிறந்தநாளுக்குத் தாம்பூலம் வைக்கவும் ஒரு கவுளி எடுத்துவைத்திருந்தார். வெற்றிலையும் பான் சாமான்களும் துபாய் சுங்கத்தின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. "ஏண்டா, வெத்தல இல்லாம என்னடா மங்கலம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கடைசியில் மஞ்சள், குங்குமம், மல்லிகைச்சரம் போதும் என்று அவரே முடிவு செய்து, வெற்றிலைப் பெட்டியைத் துடைத்துச் சாமி அலமாரியில் வைத்தார். முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழையிலை எல்லாம் கராமாவில் லுலு சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது, பெட்டியை அதனால் நிரப்ப வேண்டாம்.

நகையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மா தாலிச் சங்கிலியும் வளையலும் போட்டிருந்தார். கிளம்பும்போதே இந்தியச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டோம். வரும்போது இது எங்கே வாங்கியது என்ற கேள்விக்கு அந்தக் காகிதம் பதில் சொல்லும்.

விமான நிலையத்திலிருந்து டாக்சி மீட்டர் 25 திர்ஹாமில் தொடங்குகிறது. சாலிக் எனப்படும் சாலைச் சுங்க வளைவைத் தாண்டினால் அது தனி. டெர்மினல் 1, 3 இரண்டிலும் மெட்ரோ உண்டு, 2-இல் கிடையாது. அதனால் எந்த டெர்மினல் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. அம்மா நம்மூர் நாலரைக்கு எழுந்து பழகியவர். அங்கே மூன்று மணிக்கே எழுந்து இருட்டில் உட்கார்ந்திருப்பார். நாலைந்து நாளில் சரியாகிவிட்டது. ஜனவரி என்பதால் ராத்திரி ஸ்வெட்டர் தேவைப்பட்டது. பெரியவர்களை நவம்பர் முதல் மார்ச்சுக்குள் அழைத்துப்போங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 45 டிகிரியைத் தொடும், அப்போது வாசலைத் தாண்ட முடியாது.

அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், கால் போகாது. போடிம் என்ற செயலியில் பேசலாம். இதை ஊரில் இருக்கும்போதே அப்பாவின் போனிலும் போட்டுக் கொடுத்துப் பழக்கிவிட்டு வந்தேன். இல்லாவிட்டால் முதல் நாளே அவர் பயந்திருப்பார். சுவரில் இருப்பது பிரிட்டிஷ் பாணி மூன்று முனை பிளக் பாயின்ட். நம் சார்ஜருக்கு அடாப்டர் வேண்டும்.

மெட்ரோவைப் பற்றித்தான் அம்மா ஊருக்கு வந்தும் பேசிக்கொண்டிருக்கிறார். பயணத்துக்கு நோல் கார்டு என்ற அட்டை எடுக்க வேண்டும். சில்வர் வகை, 25 திர்ஹாம். அதில் 19 திர்ஹாம் பயணக் கட்டணத்துக்கு. கட்டணம் மண்டலக் கணக்கில் 3, 5, 7.50 திர்ஹாம். ஏறும்போதும் இறங்கும்போதும் கார்டை வைக்க வேண்டும். பஸ்ஸிலும் அப்படித்தான், இறங்கும்போது மறக்கக் கூடாது. முதல் நாள் பர்ஜுமான் ஸ்டேஷனில் அம்மா கார்டை வைத்துவிட்டுக் கதவு திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார். திறந்தது, ஆனால் அவர் போவதற்குள் மூடிக்கொண்டது. ஊழியர் வந்து பக்கத்து அகலக் கதவைத் திறந்துவிட்டார். ரயிலுக்குள்ளும் நடைமேடையிலும் சாப்பிட்டாலோ குடித்தாலோ 100 திர்ஹாம் அபராதம். சூயிங்கம்மும் கூடாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பகுதி, தரையில் இளஞ்சிவப்புக் கோடு போட்டிருக்கும். ஆண்கள் தாண்டினால் அதற்கும் 100. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அம்மாவை அந்தப் பக்கம் அனுப்பினேன். ஒரு பிலிப்பினோ பெண் எழுந்து இடம் கொடுத்தாள். அம்மா தமிழில் "நல்லா இரும்மா" என்றார். அவள் அதற்கும் தலையாட்டிச் சிரித்தாள்.

புர்ஜ் கலீபா, மால் எல்லாம் பார்த்தோம். 828 மீட்டர் உயரத்தைக் கீழே நின்று பார்த்தாலே போதும் என்றார் அம்மா. எனக்கும் அதே எண்ணம்தான், காசு கொடுத்து மேலே போகவில்லை. மனசுக்குப் பிடித்தது பழைய துபாய். பர்துபாய்த் துணிக்கடைத் தெருவைத் தாண்டினால் படகுத்துறை. அப்ரா என்ற மரப்படகில் ஒரு திர்ஹாம் கொடுத்தால் கடற்கழியைக் கடந்து தேராவில் விடுகிறார்கள். நடுவில் பெஞ்சு, இருபது பேர் இருபுறமும் பார்த்து உட்காரலாம். ஓரத்தில் கம்பி கிடையாது, அதனால் பெரியவர்களைக் காலை நிதானமாக வைக்கச் சொல்லுங்கள். படகோட்டி கை நீட்டினார், அம்மா பிடித்துக்கொண்டு இறங்கினார். அக்கரையில் மசாலாக் கடைத்தெரு. ஒரு சாக்கிலிருந்து வெளிர்மஞ்சளாகக் கட்டிப் பிசின் ஒன்றை எடுத்து மோந்து பார்த்து, "இதுதாண்டா அசல் சாம்பிராணி" என்றார். கால் கிலோ வாங்கினோம். விலை பேசலாம், பேசினோம்.

தங்கக் கடைத்தெரு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அன்றைய கிராம் விலை எல்லாக் கடையிலும் ஒன்றே, செய்கூலியில்தான் பேரம். அம்மாவுக்கு ஒரு செயின் மேல் கண். ஆனால் வரி இல்லாமல் பெண்கள் 40 கிராம், ஆண்கள் 20 கிராம் நகை கொண்டுவரலாம் என்பது வெளிநாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்குத்தான். 25 நாள் போய் வருபவர்களுக்கு இல்லை. எடுத்துச் சொன்னதும் கழற்றி வைத்துவிட்டார்.

கோயிலுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பர்துபாய்ச் சிவன் கோயிலைத் தேடாதீர்கள். அது 2024 ஜனவரியில் ஜெபல் அலிக்கு மாறிவிட்டது. அங்கே 2022 அக்டோபரில் திறந்த புதிய கோயிலில் 16 தெய்வங்களுக்குச் சந்நிதி இருக்கிறது. ஊரிலிருந்து தள்ளி இருப்பதால் மாப்பிள்ளை காரில்தான் போனோம். அம்மா ஒவ்வொரு சந்நிதியிலும் நின்று, பேத்தியின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டார்.

திரும்பி வரும்போது நோல் கார்டில் கொஞ்சம் பணம் மிச்சம் இருந்தது. கார்டு ஐந்து வருடம் செல்லும் என்று சொன்னேன். அம்மா அதைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். இப்போது அப்பாவுக்கு முதல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். சர்நேம் கட்டத்தில் மறக்காமல் அவருடைய அப்பாவின் பெயரை எழுதியாயிற்று.