ஒரு டைவ் என்ன விலை? கரை, படகு, லிவ்அபோர்ட்: ஒரு கணக்கு

ஸ்கூபா டைவிங் போகத் திட்டம் போடும்போது பலரும் மொத்தச் செலவைப் பார்த்துத்தான் மலைத்துப்போகிறார்கள். அதைவிட, பயணம், தங்குமிடம், வாடகை எல்லாவற்றையும் கூட்டி, உண்மையில் தண்ணீருக்குள் இறங்கிய தடவைகளால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்தான் ஒரு டைவின் விலை. பக்கத்திலேயே முதுகு எவ்வளவு உழைத்தது என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

காசு குறைவாகப் போவது கரையிலிருந்து இறங்கும்போது. சிலிண்டருக்கும் வெயிட்டுக்கும் (மூழ்க உதவும் ஈயக் கட்டிகள்) வாடகை, அவ்வளவுதான். கரீபியக் கடலின் போனேர் தீவில் சாலையோர மஞ்சள் கற்களில் இடத்தின் பெயரையே எழுதி வைத்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்தி, மாட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். ஆனால் மிச்சமான காசை முழங்கால் கட்டும். 11.1 லிட்டர் கொள்ளளவுள்ள அலுமினிய சிலிண்டர் காற்று நிரம்பினால் ஏறத்தாழ 17 கிலோ. 5, 6 கிலோ ஈயம், பிசிடி (காற்று ஊதி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்), ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி), நனைந்த வெட்சூட் (உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) எல்லாம் சேர்ந்தால் 30 கிலோவை நெருங்கும். இந்தச் சுமையோடு பாசி வழுக்கும் பாறையில் நடக்க வேண்டும். அடி தடித்த பூட்டி (டைவிங் காலணி) இல்லாமல் இந்த வேலைக்கே போகாதீர்கள்.

இறங்கும் முன் ஐந்து நிமிடமாவது அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து சற்று ஓயும். அந்த இடைவெளிதான் நமக்கு. மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில், பிசிடியில் கொஞ்சம் காற்று, ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) கையில். பாதத்தைத் தூக்காமல் தரையில் தேய்த்தபடி இடுப்பளவு தண்ணீருக்குப் போய், துணையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஃபின்ஸை மாட்டுங்கள். மாஸ்க்கை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நடப்பவர் முதல் அலையிலேயே அதைத் தொலைப்பார். விழுந்துவிட்டால் எழுந்து நிற்கப் போராடாமல், ரெகுலேட்டரில் மூச்சு விட்டபடியே தவழ்ந்து ஆழத்துக்குப் போய்விடுவது மேல்.

விழுந்தபோது ரெகுலேட்டரின் வாய்ப்பகுதிக்குள் மணல் புகுந்திருந்தால் வெளிமூச்சு வால்வு சரியாக மூடாது. மூச்சுக்கு மூச்சு உப்புத்தண்ணீர் நாக்கில் படும். சிலிண்டர் திறந்திருக்கும்போதே, தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்து, ரெகுலேட்டரை மட்டும் முக்கி ஆட்டி, அதன் முகப்பில் காற்றைப் பீய்ச்சவிடும் பர்ஜ் பொத்தானை விட்டு விட்டு அழுத்துங்கள். பெரும்பாலும் போய்விடும். போகவில்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான், கரையேறுங்கள்.

உழைப்பு காற்றையும் தின்னும். 200 பார் அழுத்தத்தில் தொடங்கி 50 பாரில் முடித்தால் அந்த சிலிண்டரில் கைக்கு வருவது 1,665 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு, அழுத்தம் இரட்டிப்பாகும் 10 மீட்டர் ஆழத்தில் 40 லிட்டர் ஆகும். 41 நிமிடம் கிடைக்கும். ரீஃப் (பவளத்திட்டு) வரை நீந்திக் களைத்து, மேற்பரப்புக் கணக்கில் 25 லிட்டர் இழுத்தால் அதே ஆழத்தில் 33 நிமிடம்தான். காசு மிச்சம், நேரம் நஷ்டம்.

பகல்நேரப் படகில் இந்தப் பாடு கிடையாது. சிலிண்டரைப் பெரும்பாலும் பணியாளர்களே மாட்டித் தருவார்கள். ஓரத்தில் நின்று ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும். ஆனால் இரண்டு டைவுக்கு அரை நாள் போய்விடும்: போக வர ஓட்டம், நடுவில் ஒரு மணி நேரம் போல மேலே காத்திருப்பு. வாந்தி வருபவர்கள் புறப்பட்ட பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை. பதிவு செய்யும் முன், சொன்ன தொகையில் வெயிட், டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கருவி), கடற்பூங்காக் கட்டணம் அடங்குமா, ஆள் சேராமல் படகு நின்றால் பணம் திரும்புமா என்று கேட்டுவிடுங்கள்.

விடுதி வாசலிலேயே ரீஃப் இருந்தால் அது நடுவழி. சிலிண்டர் படியோரம் வரை வந்துவிடும், உங்கள் நேரத்துக்கு இறங்கலாம். ஒரே ரீஃபை ஏழு தடவை பார்க்கப் பொறுமை வேண்டும்.

லிவ்அபோர்ட், அதாவது கப்பலிலேயே தங்கி டைவ் செய்யும் பயணம்: விலையைக் கேட்டால் தலை சுற்றும். வகுத்தால் கொஞ்சம் தெளியும். ஏழு இரவுப் பயணத்தில் 20 டைவ் என்று வையுங்கள். அலுப்பில் ஐந்தைத் தவறவிட்டால் ஒவ்வொன்றின் விலையும் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். நாளுக்கு மூன்று, நான்கு டைவ் உடம்பு தாங்குமா என்று தெரியாதவர் முதலில் பகல்நேரப் படகில் பழகட்டும். துறைமுகக் கட்டணம், எரிபொருள் கூடுதல், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று), டிப்ஸ் ஆகியவை பல கப்பல்களில் தனிக்கணக்கு. தனியாகப் போனால் அறைக்கும் கூடுதல் கேட்பார்கள். ஆனால் கலாபகோஸின் டார்வின், வுல்ஃப் தீவுகளுக்கோ பிலிப்பைன்ஸின் துப்பதஹா ரீஃபுக்கோ டைவ் செய்யப் போக வேறு வழியும் இல்லை. துப்பதஹாவுக்குப் பருவமே மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரைதான்.

எதில் போனாலும் ஒரு செலவு தப்பாது. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். தண்ணீரில் இறங்காத அந்த நாளின் அறை வாடகையையும் வகுக்கும் முன் கூட்டிக்கொள்ளுங்கள்.