சத்தத்துக்கு நடுவில் அம்மாவோடு கதைப்பது

அம்மாவுக்கு 74 வயது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கிறார். தனியாக இருந்தால் ஊர்க்கதை எல்லாம் விடிய விடியக் கதைப்பார். டிவியும் ஓடி, குசினியில் மிக்ஸியும் சுற்றினால் பாதி வசனத்தில் நின்றுவிடுவார், ஆட்களின் பெயர் வாயில் வராது. கலியாண வீடுகளில் பேச்சே இல்லை. மறதி நோயோ என்று பயந்துதான் வைத்தியரிடம் போனோம். ஞாபகச் சோதனை செய்து பார்த்துவிட்டு, அதில் பயப்பட ஒன்றும் இல்லை, காதைப் பாருங்கள் என்றார்.

காது மூக்கு தொண்டை வைத்தியர் குறும்பியை எடுத்துவிட்டு, செவிப்புலன் பரிசோதனைக்கு அனுப்பினார். சத்தம் புகாத சின்ன அறை, தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். அம்மாவின் பரிசோதனை வரைபடத்தில் கோடு வலப்பக்கம், அதாவது உயர் ஒலிகளின் பக்கம், போகப் போகச் சரிந்தது. வயதானால் கீச்சென்ற உயர் ஒலிகள்தான் முதலில் குறையுமாம். உயிரொலி கேட்கும், ச, த, க போன்ற மெய்யொலிகள் மங்கிவிடும். "கேக்குது, ஆனா விளங்கேல்லை" என்று அம்மா எத்தனை நாளாகச் சொல்லிவந்தார்! உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கில், 60 வயதைத் தாண்டியவர்களில் 25 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்டல் குறைவு இருக்கிறது.

பரிசோதித்த பெண் விளக்கியதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வேண்டாத சத்தத்தை ஒதுக்கித் தள்ளும் திறனும் வயதோடு தளர்கிறது. மூளை கேட்பதற்கே பாடுபட்டால், பதில் சொல்லச் சொல் தேட மிச்சம் குறைவு. பெயர்கள்தான் முதலில் நழுவும், சொல்வளம் அப்படியே இருக்கும்.

காதுக்கருவியின் விலையைக் கேட்டதும் யோசித்தோம், ஆனாலும் வாங்கினோம். முதல் வாரங்கள் கஷ்டம். மின்விசிறி, குக்கர் விசில், கடற்கரை ரயில் எல்லாம் சேர்ந்து இரைந்ததால் அம்மா கழற்றி வைத்துவிடுவார். வீட்டில் அமைதியான நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழகச் சொன்னார்கள். அப்படித்தான் பழகினார்.

கருவி மட்டும் போதாது. கதைக்கும்போது டிவியை நிறுத்துகிறோம். பிள்ளைகள் "அம்மம்மா" என்று கூப்பிட்டு, முகம் பார்த்த பிறகே விஷயத்தைச் சொல்கிறார்கள். கத்துவதில்லை, கத்தினால் சொல் இன்னும் குழம்புகிறது. அவர் பெயர் தேடும்போது நாங்கள் முடித்து வைப்பதில்லை, காத்திருக்கிறோம். பெரிய தெருவான காலி வீதியைக் கடக்கும்போது கேள்வி கேட்பதும் இல்லை. ஏதாவது கேட்டால் அம்மா பதில் சொல்ல நடுவீதியிலேயே நின்றுவிடுவார், நடப்பதும் கதைப்பதும் ஒன்றாக வராது. கலியாண மண்டபம் இன்னும் சிரமம்தான். ஸ்பீக்கருக்குத் தூரமாக, சுவரோரம் இடம் பிடித்துக் கொடுக்கிறோம். பக்கத்தில் ஒருவர் மட்டும் இருந்து கதைத்தால் அம்மா சளைக்காமல் கதைக்கிறார்.