சீட்டு இருக்கா?

பங்குனி, சித்திரை வந்தால் எங்கள் மருந்துக் கடையில், மாதவிடாயைத் தள்ளிப்போடும் நாரெதிஸ்டிரோன் மாத்திரை இரண்டு பெட்டி கூடுதலாக எடுத்து வைப்போம். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்பதில்லை. "தள்ளிப்போற மாத்திரை" என்பார்கள், அதுவும் ஆம்பளைகள் நிற்காத நேரமாகப் பார்த்து. தல்லாகுளத்தில் எதிர்சேவை பார்க்க, அழகர் ஆற்றில் இறங்கும்போது கூட நிற்க, ஊரில் முளைப்பாரி எடுக்க. பதினாறு வருஷமாக அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூட யூனிபார்மிலேயே வந்தது. ப்ளஸ் ஒன் இருக்கும்.

"அக்கா, தள்ளிப்போற மாத்திரை பத்து குடுங்க."

"யாருக்கு?"

"எங்கக்காவுக்கு." அடுத்த மூச்சிலேயே, "தலவலி மாத்திரையோட சேத்துப் போடலாமாக்கா? எனக்கு... அக்காவுக்கு ஒரு பக்கமா இடிக்கும். கண்ணு முன்னாடி பளபளன்னு நெளியும், அப்பறம் இடிக்கும். 650 போட்டாத்தான் நிக்கும்."

நான் கேட்டது ஒன்றே ஒன்று: "சீட்டு இருக்கா? இல்லைன்னா அம்மாவக் கூட்டிட்டு வா."

தபால்தலை அளவுக்கு மடித்து வைத்திருந்த நூறு ரூபாயை விரித்திருந்தாள். அதே மடிப்புகளில் திரும்ப மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சரியாகத்தானே செய்தேன்? டாக்டர் சீட்டுக்குத்தான் விற்க வேண்டும் என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

மறுநாள் காலையில் அம்மா வந்தார். "முளைப்பாரி எடுக்குறா பாப்பா. தேதி இடிக்குது." கத்தரிக்கோலை எடுத்தேன். மாதவிடாய்க்கு மூன்று நாள் முன்னால் தொடங்கி, ஒரு நாளைக்கு மூன்று வேளை, நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்று வாய் தானாகச் சொன்னது. சீட்டு கேட்கவில்லை. தலைவலியும் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு உதைக்கிறது. கண்ணில் பளபளப்பு தெரிந்து பின்னாலேயே ஒற்றைத் தலைவலி வருகிறது என்றால், ஹார்மோன் மாத்திரை கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும். நாரெதிஸ்டிரோனை இந்த அளவில் போட்டால் அதில் கொஞ்சம் உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறும், ரத்தம் உறையும் அபாயம் கூடும். டி.பார்மில், அதாவது மருந்தாளுநர் படிப்பில், படித்ததுதான். அந்தப் பிள்ளை ஒரு டாக்டரிடம் சொல்ல வேண்டிய அத்தனையையும் கேட்காமலேயே என்னிடம் சொல்லிவிட்டது. எனக்கு அது பொய் சொல்கிறது என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

ஒரு சில நாள் மாத்திரையில் ஒன்றும் ஆகியிருக்காது. பெரும்பாலும் ஆகாது. நான் கொடுக்காவிட்டால் நாலு எட்டில் அடுத்த கடை. அங்கே எத்தனை வேளை என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த அம்மாவும் சீட்டு இல்லாமல்தானே வந்தார்? அப்படியானால் முதல் நாள் நான் சட்டத்தைப் பார்த்தேனா, வயசைப் பார்த்தேனா? வயசுப் பிள்ளை தனியாக வந்து இந்த மாத்திரை கேட்டது பிடிக்கவில்லை, அவ்வளவுதானோ என்று தோன்றுகிறது. பையன்கள் தனியாக வந்து வலி மாத்திரை கேட்டால் நான் அம்மாவைக் கூட்டி வரச் சொன்னதில்லை.

முளைப்பாரி நல்லபடியாக முடிந்ததாம். அதைச் சொன்னதும் அந்த அம்மாதான், மே மாசம் 650 ஒரு அட்டை வாங்க வந்தபோது.

"யாருக்குக்கா?"

"பாப்பாவுக்குத்தான். தலவலி."

இந்த முறை கேட்டேன். மாசத்தில் எத்தனை நாள் போடுகிறாள், கண்ணில் ஏதாவது தெரிகிறதா. மாசத்தில் பதினைந்து நாள், அதற்கு மேலும் வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும், ஒரு தடவை பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றும் சொன்னேன்.

"அதெல்லாம் செல்போனைப் பாத்துக்கிட்டே இருக்குறதாலம்மா" என்றார். "ரெண்டு அட்டையாக் குடுத்துரு. சும்மா சும்மா வர முடியல."

குடுத்தேன்.