மூச்சிரைப்புக்கு வேர் சிறுநீரகத்தில் இருந்தது

சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், அம்மாவின் இரத்தத்தில் 1.8 என்று வந்தபோது, "கொஞ்சம்தானே கூடியிருக்கிறது" என்று ஆறுதல் சொன்ன உறவினர்கள் நிறையப் பேர். அவருக்கு வயது 63. சிறுநீரக மருத்துவர் வயதையும் சேர்த்துக் கணக்கிட்டு, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 31 என்று சீட்டில் எழுதிக் காட்டினார். அது 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தாலே நாள்பட்ட சிறுநீரக நோய்தான்.

நாங்கள் முதலில் போனதோ இதய மருத்துவரிடம். மல்லாந்து படுத்தால் அம்மாவுக்கு மூச்சிரைத்தது. மாலையானால் கால் வீங்கும். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் விழுந்த குழி உடனே மறையாது. எக்கோ எடுத்ததில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தது. மாரடைப்பு வந்த தடயம் இல்லை. சிறுநீரில் புரதம் பார்க்கச் சொன்னவர் அவர்தான். முடிவைப் பார்த்ததும் சிறுநீரகப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்.

உப்பும் நீரும் வெளியேறாமல் தங்குவதால் இரத்த அழுத்தம் ஏறுகிறது, அதை எதிர்த்து உந்தி உந்தியே இதயத் தசை தடித்துவிடுகிறது என்று அங்கே விளக்கினார்கள். இரத்தச் சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டும், சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்ட்டின் குறைந்து சோகையும் சேர்ந்தால் சுமை இன்னும் கூடும். பாஸ்பரஸ் தேங்கினால் இரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படியும். எங்களுக்கு டயாலிசிஸ் பயம்தான் பெரிதாக இருந்தது. அந்த நிலைக்கு வருமுன்பே இதய நோயால் இறப்பவர்கள் பலர் என்று மருத்துவர் சொன்ன பிறகு, பயம் இடம் மாறியது.

டெல்மிசார்டன் என்ற இரத்த அழுத்த மாத்திரை தொடங்கி இரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் மறுபடி பார்த்தார்கள். கிரியேட்டினின் சற்று ஏறியிருந்தது. "மாத்திரையை நிறுத்து" என்றார் மாமா. தொடக்கத்தில் இவ்வளவு ஏறுவது எதிர்பார்த்ததுதான் என்றார் மருத்துவர். நாங்கள் மருத்துவர் பக்கம் நின்றோம்.

உண்மையான போராட்டம் அடுப்படியில்தான். நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி. நாற்பது ஆண்டுகளாக ஊருக்கே ஊறுகாய் போட்டுக் கொடுத்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! இதற்கு வழி என்று மாமா வாங்கி வந்த 'சோடியம் குறைந்த உப்பு' பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பதால் அதற்கும் தடை, இளநீருக்கும் தடை. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் கூடாது; தைலம் தேய்த்துக்கொள்கிறார்.

கால் வீக்கம் வடிந்திருக்கிறது. தினமும் காலையில் எடை பார்த்து நாட்குறிப்பில் எழுதுவது அப்பாவின் பொறுப்பு. திடீரென்று எடை கூடினால் நீர் சேர்கிறது என்று பொருள். மருத்துவரை அழைக்க வேண்டும்.